போர்டு அதேதான், ஆள் வேறு: கோத்தகிரியில் விசேஷச் சாப்பாட்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன்

கோத்தகிரியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வீட்டு விசேஷத்துக்கு வெளியே சாப்பாடு சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் எங்கள் வீட்டில் நடந்தது இது. மெஸ்ஸின் பெயரை எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், விசாரணை முடியட்டும்.

அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும்போது அந்த மெஸ்ஸில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். இருபது வருஷத்துக்கு மேல் அப்படித்தான். நடத்தியது ஒரு பெரியவரும் அவர் மனைவியும். இந்தக் குளிரில் மாவு லேசில் புளிக்காது என்று மலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாவுக் குண்டானைச் சாக்கில் சுற்றி அடுப்பங்கரையில் வைத்துவிட்டு, அந்த அம்மா நடுராத்திரி எழுந்து ஒரு முறை பார்த்துவிட்டுப் படுப்பார். கிட்டத்தட்ட 6,000 அடி உயரம். இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு வேகவே வேகாது. அதற்காக அவர்கள் குக்கரில் கூடுதலாக எத்தனை விசில் விடுவார்களோ, சாம்பாரில் பருப்பு தனியாகத் தெரியாது. கொழுந்து பறிக்கப் போகும் பெண்களுக்காக காலை 6 மணிக்கே கடை திறந்திருக்கும்.

அந்தக் கடை எட்டு மாதம் முன்பு கை மாறிவிட்டது. எங்களுக்குத் தெரியாது. போர்டு அதே போர்டு, கல்லாவுக்கு மேலே அதே முருகன் படம். மாற்றங்கள் கண்ணில் படாமல் இல்லை. கடை 8 மணிக்குத்தான் திறந்தது. சட்னி தண்ணீராக ஓடியது. விலைப்பட்டியல் சுவரிலிருந்து காணாமல் போனது. சீசனில் வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விலை, நமக்கு ஒரு விலை என்று காதில் விழுந்தது. பெரியவருக்கு உடம்பு முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பாடு சொல்லப் போனபோது கல்லாவில் ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். "ஐயா எங்கேங்க?" என்று கேட்டேன். "ஊருக்குப் போயிருக்காருங்க சார், ரெண்டு நாள்ல வந்துருவாரு. உங்க அப்பாவோட விசேஷம்னா அவரே நின்னு பாத்துக்குவாரு" என்றார். இந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் 80 பேருக்குச் சாப்பாடு, ஆளுக்கு 170 ரூபாய் என்று பேசி, 5,000 ரூபாய் முன்பணம் ஜிபேயில் அனுப்பினேன். பணம் அனுப்பும்போது திரையில் முன்பின் தெரியாத ஒரு டிரேடர்ஸின் பெயர் வந்தது. அங்கேயே நிறுத்திக் கேட்டிருக்க வேண்டும்.

அன்றைக்கு 12 மணிக்கு வருவதாகச் சொன்ன சாப்பாடு 1.40க்கு வந்தது. ஈரோட்டிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வந்த சொந்தக்காரர்கள் இரண்டு மணி நேரமாக டீயும் வர்க்கியுமாக உட்கார்ந்திருந்தார்கள். சாம்பாரும் ரசமும் பெரிய பிளாஸ்டிக் கவர்களில் முடிச்சுப் போட்டு வந்தன. வாழை இலை என்று பேசியிருக்க, பிளாஸ்டிக் பூசிய காகித இலைக் கட்டை இறக்கினார்கள். இவை 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு முழுக்கவே தடை. நீலகிரியில் பிளாஸ்டிக் கட்டுப்பாடு அதற்கும் முந்தியது. அவரைப் பொரியல் கேட்டதற்கு முட்டைக்கோஸ். வடையை எண்ணினால் 55. சோறு அறுபது பேருக்கு வந்தால் அதிகம்.

முதல் பந்தியில் ஒரு மாமா சாம்பாரை வாயில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, இலையை மூடிவிட்டார். நான் கவரை முகர்ந்து பார்த்தேன். ஊசிப்போயிருந்தது. அப்பாவின் படத்துக்கு முன் முதலில் படைத்ததும் அதே சாம்பார்தான். அதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

விஷயம் தெரிந்து பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) மூன்று வீட்டுக்காரர்கள் அவரைக் குழம்பும் சோறும் பாத்திரத்தோடு தூக்கி வந்தார்கள். அவர்கள் இல்லையென்றால் மீதிப் பேர் பசியோடுதான் போயிருப்பார்கள். முதல் பந்தியில் சாப்பிட்டவர்களில் நான்கு பேருக்கு அன்று ராத்திரியே வாந்தி. அத்தைக்கு 71 வயது, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ்.

பில்லைக் கேளுங்கள். சாப்பாடு 13,600, ஜிஎஸ்டி 680, வண்டி வாடகை 1,200. சாம்பாரைத் திருப்பி அனுப்பிய பிறகும் ஒரு ரூபாய் குறைக்க மாட்டேன் என்று வாசலில் நின்று சத்தம் போட்டார்கள். "அப்பா நாளும் அதுவுமா வேண்டாம் சாமி, குடுத்து அனுப்பு" என்று அம்மா கெஞ்சியதால் முன்பணம் போக 10,480 ரூபாயையும் கொடுத்துவிட்டேன்.

அங்கே முன்பு வேலை பார்த்த மாஸ்டர் சொல்லித்தான் மீதி தெரிந்தது. விசேஷச் சாப்பாட்டுக்கு இங்கே அடுப்பே பற்றவைப்பதில்லையாம். முந்தின ராத்திரி மேட்டுப்பாளையத்தில் சமைத்து, சூட்டோடு கவரில் கட்டி, காலையில் மலையேற்றுகிறார்கள். சமைத்த சாப்பாடு 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் மணிக்கணக்கில் கிடந்தால் கிருமி பெருகும். ஒரு ராத்திரி முழுக்க மூடிய கவரில் கிடந்த சாம்பார் வேறு எப்படி இருக்கும்?

அப்புறம்தான் பில்லை ஒழுங்காகப் பார்த்தேன். ஜிஎஸ்டி வாங்குகிற கடை என்றால் பில்லில் 15 இலக்கப் பதிவு எண் இருக்க வேண்டும், தமிழ்நாட்டுக்கு அது 33 என்று தொடங்கும். சிறு கடைகள் விற்பனையில் ஒரு சிறு பங்கை மட்டும் தாங்களே வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் கடை வாடிக்கையாளரிடம் வரியே வாங்கக் கூடாது, அதைப் பில்லிலும் சொல்ல வேண்டும். எங்கள் பில்லில் இரண்டும் இல்லை, 680 ரூபாய் மட்டும் இருந்தது. உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் இருந்தது. அதை, உணவு உரிமங்களைச் சரிபார்க்கும் அரசின் ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் போட்டுப் பார்த்தால், இன்னும் பெரியவர் பெயரிலேயே இருக்கிறது.

பெரியவரைத் தேடிப் போய்க் காட்டினேன். முட்டிவலியால் நிற்க முடியாமல் கடையைக் கொடுத்துவிட்டு மகள் வீட்டில் இருக்கிறார். போர்டையும் சேர்த்து எழுதிக் கொடுத்தது உண்மைதான், உரிமம் தன் பெயரில் ஓடுவது தெரியாது என்றார். பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்க அப்பாவுக்கா இப்படி?" என்று கேட்டவர் அதற்கு மேல் பேசவில்லை. உரிமத்திலிருந்து தன் பெயரை எடுக்கச் சொல்லி மனு எழுதிக் கொடுத்திருக்கிறார். பாவம், அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. போட்டோ, பில், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் அனுப்பினேன். பணத்துக்காக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்தேன். நீங்கள் எங்காவது முன்பணம் கொடுப்பதாக இருந்தால், யார் சமைக்கிறார்கள், எங்கே சமைக்கிறார்கள் என்று கேட்டு, சமையற்கட்டை ஒரு தடவை நேரில் பாருங்கள். பேசியதை, இலை வரைக்கும், தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஜிபேயில் வரும் பெயரும் உரிமத்தில் இருக்கும் பெயரும் வேறாக இருந்தால் பணத்தை அனுப்பாதீர்கள்.

விசாரணை முடிந்த பிறகு எழுதலாம் என்றுதான் இருந்தேன். நேற்று மார்க்கெட்டில், டானிங்டன் பக்கம் ஒரு வீட்டில் வளைகாப்புக்கு 120 பேருக்கு அதே மெஸ்ஸில் சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். எந்த வீடு என்று தெரியவில்லை. தெரிந்தவர்கள் இதை அவர்களுக்கு இன்றைக்கே காட்டுங்கள்.