14 வருடமாகக் கேட்டுவரும் 'ரிமெய்ன் இன் லைட்'

அமெரிக்க ராக் இசைக்குழு டாக்கிங் ஹெட்ஸின் 'ரிமெய்ன் இன் லைட்' ஆல்பத்தின் சிடியை வாங்கி 14 வருடம் ஆகிறது. மொத்தம் 8 பாட்டு, சுமார் 40 நிமிடம். அட்டையில் நான்கு முகங்களையும் சிவப்புத் திட்டு மறைத்திருக்கும்.

முதல் ஒரு வருடம் எனக்கு ஒட்டவே இல்லை. பாட்டு எங்கே திரும்பும் என்று காத்திருப்பேன், திரும்பாது. பெரும்பாலும் ஒரே கார்டிலேயே (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) ஓடும். கம்ப்யூட்டரோடு வந்த குட்டி ஸ்பீக்கரில் கேட்டதும் ஒரு காரணம், அதில் பேஸ், அதாவது கனமான கீழ் ஒலி, எழும்பாது. பிறகு நல்ல ஹெட்போன் வாங்கி 'தி கிரேட் கர்வ்' கேட்ட இரவில்தான் பிடி கிடைத்தது. டீனா வேமத்தின் பேஸ் கிட்டார் கீழே அசையாமல் நிற்கிறது. அதன்மேல் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. நடுவில் ஏட்ரியன் பெலூவின் கிட்டார் பிளிறிக்கொண்டு வருகிறது. பாட்டு நகர வேண்டிய அவசியமே இல்லை, ஒரே இடத்தில் நின்று அடர்த்தியாகிக்கொண்டே போகிறது.

ஆல்பம் வந்தது 1980-இல். பங்க் என்ற முரட்டு ராக் பாணியின் வேகம் தணிந்து, அதன் பின்வந்த நியூ வேவ் குழுக்கள் புது வழி தேடிய காலம். பஹாமாஸின் நசாவ் நகர ஸ்டூடியோவில் தயாரிப்பாளர் பிரையன் ஈனோவோடு உட்கார்ந்தார்கள். நைஜீரிய இசைக்கலைஞர் ஃபேலா குட்டியின் இசைதான் தூண்டுகோல். இன்று லேப்டாப்பில் நொடியில் போடும் லூப்பை (திரும்பத் திரும்ப ஒலிக்கும் சிறு இசைத்துண்டு), அன்று கையால் திரும்பத் திரும்ப வாசித்தே அடுக்கினார்கள்.

'ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்' பாட்டுக்குத் தொடையில் தாளம் தட்டிப் பாருங்கள். குழுவினர் மூன்றாவதாக எண்ணிய அடியை ஈனோ முதல் அடியாக எடுத்துக்கொண்டாராம். நானும் எடுப்பை மாற்றி மாற்றித் தட்டினேன். ஒவ்வொரு தடவையும் வேறு பாட்டு போல இருந்தது. இத்தனை வருடம் சலிக்காததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

குறை என்றால் கடைசிப் பாட்டு 'தி ஓவர்லோட்'. இழுவை. இன்றும் அதற்கு முந்தைய 'லிசனிங் விண்ட்' முடிந்ததும் நிறுத்திவிடுவேன்.

2018-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டுப் பாடகி ஆஞ்செலிக் கிட்ஜோ இந்த ஆல்பம் முழுவதையும் தன் பாணியில் பாடி வெளியிட்டார். கொடுத்தவரே கடன் வாங்கியவர் வீட்டுக்கு வந்து உரிமையோடு உட்கார்ந்தது போல இருந்தது. அதைக் கேட்டுவிட்டுப் பழையதற்குத் திரும்பியபோது, கிறிஸ் ஃப்ரான்ட்ஸின் டிரம்ஸ் இன்னும் துல்லியமாகக் காதில் விழுந்தது.

புதிதாகக் கேட்பவர்கள் 'ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்' பாட்டில் தொடங்குங்கள். போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள்.