மூன்றாவதாக வந்த கேமராத் தம்பி

ரங்கூன் பயின்னாவுங் மொத்த மார்க்கெட்டில் எனக்கு உளுந்து, துவரைக் கிடங்கு. எட்டு கேமரா மாட்டியிருக்கிறேன். எல்லாம் 4 மெகாபிக்சல், நெட்வொர்க் வயரிலேயே கரண்டும் போகிற பிஓஇ வகை. மாட்டி இரண்டு வருஷம். அதில் பாதி நாள் படம் நின்று நின்று வந்து என் பிராணனை வாங்கியது. இப்போது ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சரியாகிவிட்டது. சரி செய்த தம்பியைப் பற்றித்தான் இது. அவர் தனி ஆள், கடை கிடையாது.

முதலில் என் வயிற்றெரிச்சல். ஒரு சாயங்காலம் லாரியில் உளுந்து ஏற்றினோம். 63 மூட்டை என்று என் கணக்குப்பிள்ளை எழுதி வைத்திருக்கிறார். போய்ச் சேர்ந்தது 62 என்று வாங்கியவர் போன் போடுகிறார். கேமரா எதற்கு இருக்கிறது என்று தெம்பாக 5-ஆம் நம்பரைப் போட்டுப் பார்த்தேன். சுமைக்காரர் தோளில் மூட்டையோடு பலகையில் ஏறுகிறார், ஒரு கால் அந்தரத்தில். அப்படியே நின்றுவிட்டார். மூலையில் ஓடும் கடிகாரம் 6.52-லிருந்து ஒரே தாவாகத் தாவுகிறது. அடுத்த காட்சியில் லாரியின் பின்கதவு சாத்தியிருக்கிறது. அந்த ஒரு மூட்டைப் பணத்தை நான்தான் விட்டேன்.

இதற்கு முன்பு இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். ஒருவர் படத்தைப் பதிவு செய்கிற என்விஆர் பெட்டி பழசு என்றார், மாற்றினேன். இன்னொருவர் இன்டர்நெட் வேகம் போதாது என்றார், பெரிய பிளானுக்குப் போனேன். இரண்டிலும் பணம் போனதுதான் மிச்சம்.

மூன்றாவதாக வந்த தம்பி பையைத் திறக்கவே இல்லை. "மாமா, நேரா பாக்கும்போது நிக்குதா, பதிவுலயும் நிக்குதா?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்கவில்லை. உட்கார்ந்து பழைய பதிவுகளை ஓடவிட்டார். ஆறு கேமராவின் பதிவு வழுக்கிக்கொண்டு போகிறது. 5-ம் 7-ம் மட்டும் பதிவிலேயே நிற்கின்றன. "பதிவு கிடங்குக்குள்ள இருக்கற வயர்லயே பெட்டிக்குப் போயிடுது. இன்டர்நெட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றார். பெரிய பிளானுக்குக் கட்டிய காசு என் கண் முன்னால் வந்து போனது.

பிறகு ஒரு தாளில், படம் நின்ற நேரத்தையும் திரும்பி வந்த நேரத்தையும் எழுதினார். ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒரே இடைவெளி, ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே. நெட்வொர்க் நெரிசல் என்றால் இடைவெளி கண்டபடி இருக்குமாம். ஒரே அளவாக இருந்தால் கேமராவே அணைந்து மறுபடி எழுந்திருக்கிறது என்று அர்த்தமாம். எல்லாமே பொழுது சாய்ந்த பிறகுதான் என்பதையும் அவர்தான் கவனித்தார்.

அடுத்து செய்ததுதான் எனக்குப் பிடித்தது. மத்தியானம் மூன்று மணி, நல்ல வெயில். ஏணியில் ஏறி 5-ஆம் கேமராவின் முகத்தைத் தன் தொப்பியால் மூடினார். உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம், தொப்பிக்குள் லேசாகச் சிவப்பு. கேமரா இருட்டிவிட்டது என்று நினைத்து இரவு விளக்கைப் போட்டிருக்கிறது. இரண்டு எண்ணுவதற்குள் சிவப்பு அணைந்தது. கீழே திரையில் படம் செத்துவிட்டது.

கரண்ட் போதவில்லை. கேமரா வயர்கள் எல்லாம் வந்து சேர்ந்து கரண்ட் வாங்குகிற பெட்டிக்கு பிஓஇ சுவிட்ச் என்று பெயர். சாதாரண சுவிட்சில் வயர் சொருகும் ஒரு போர்ட் 15.4 வாட் வரை தரும், கேமரா கைக்கு நிச்சயமாகச் சேருவது 12.95 வாட். இரவு விளக்கு எரிந்தால் என் கேமராவுக்கு 12 வரை வேண்டும் என்று அதன் லேபிளே சொல்கிறது. நல்ல செம்பு வயர் என்றால் 100 மீட்டர் வரை சமாளிக்கும். என்னுடையது 80 மீட்டர்தான். ஆனால் தம்பி பிளேடால் கம்பியைச் சுரண்டிக் காட்டினார்: மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை வெளேர். அலுமினியத்துக்குச் செம்பு பூசியது. செம்பை விட அதில் தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. போதாததற்கு நடுவில் முறுக்கி டேப் சுற்றிய ஒரு ஒட்டு. மழைத்தண்ணீர் இறங்கிப் பச்சைப் பிடித்திருந்தது. முதலில் வயர் இழுத்தவர் முழுச் செம்பு என்று சொல்லித்தான் காசு வாங்கினார்.

5-ஆம் நம்பருக்கு ஒட்டு இல்லாமல் செம்பு வயர் புதிதாக இழுத்தார். தொப்பி வைத்துத் திரும்பவும் பார்த்தோம், நின்று எரிகிறது.

போனில் மட்டும் நிற்கிற மற்ற கேமராக்களுக்கு ஐந்து நிமிஷ வேலைதான்: பெரிய படத்துக்குப் பதில், அதே கேமரா தரம் குறைத்து அனுப்புகிற சின்ன ஸ்ட்ரீமைப் பார்க்கும்படி ஆப்பில் மாற்றினார். முழுப்படத்துக்கு நடுவே உள்ள இடைவெளியையும் குறைத்தார். கேமரா ஒவ்வொரு தடவையும் முழுப்படம் அனுப்பாதாம். முழுசாக ஒன்று, பிறகு மாறிய இடம் மட்டும். நடுவில் ஏதாவது தொலைந்தால் அடுத்த முழுப்படம் வரும் வரை படம் நிற்கும், இல்லை இழுபட்டுத் தெரியும். நொடிக்கு 25 படம் ஓடும்போது அந்த இடைவெளியை 50 படம் என்று வைத்தால் இரண்டு நொடிக்கு ஒரு முழுப்படம்.

கரண்ட் போய் ஜெனரேட்டர் மாறும்போதெல்லாம் எட்டுமே காணாமல் போகும். நம் ஊரில் அது ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று சொல்ல வேண்டியதில்லை. பார்த்தால், என்விஆர் யுபிஎஸ்ஸில் இருக்கிறது, கேமராவுக்குக் கரண்ட் கொடுக்கிற சுவிட்ச் வெறும் சுவர் பிளக்கில்! சுவிட்சைக் கழற்றி யுபிஎஸ்ஸில் சொருகினார். அவ்வளவுதான்.

கூலி 45 ஆயிரம் கியாட், வயர் விலை தனி. எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

குறை இல்லாமல் இல்லை. காலை பத்து என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டரைக்கு வந்தார். பில் கேட்டால் சிரிக்கிறார். வயரைக் கிளிப் அடிக்காமல் கயிற்றால் கட்டிவிட்டுப் போனார், நான்தான் ஆள் வைத்து அடித்தேன். புதுப் பாஸ்வேர்டை மார்க்கரால் பெட்டி மேலேயே எழுதி வைத்திருந்தார். உலகத்துக்கே கேமரா காட்டுகிற மாதிரி. அன்று ராத்திரியே மாற்றிவிட்டேன். 7-ஆம் நம்பருக்கு இன்னும் பழைய வயர்தான், "அடுத்த வாரம் வர்றேன் மாமா" என்று சொல்லி மூன்று வாரம் ஆகிறது.

ஆனாலும் வேறு ஆளைக் கூப்பிடுவதாக இல்லை. வைகாசி மழை பிடித்துவிட்டால் ஊரில் எல்லாருடைய கேமராவும் ஒன்றாகப் படுக்கும், அப்போது அவரைப் பிடிக்க முடியாது. அதற்கு முன்பே சொல்லி வையுங்கள். ஏணி நீங்களே பார்த்து வையுங்கள், அவர் கொண்டு வர மாட்டார்.