கொயில் போர்க்கா, எயார் போர்க்கா? மலையகத்தில் வீட்டிலேயே பராமரிக்க எது தோது?

மவுண்டன் பைக் வாங்கப் போகிறவர்கள் முன் போர்க்கை, அதாவது முன் சில்லைப் பிடித்துக் குலுக்கலை வாங்கும் பகுதியைப் பற்றிக் கேட்பதெல்லாம் எது பாரம் குறைவு, எது கல்லு ரோட்டில் சொகுசாக இறங்கும் என்பதுதான். ஹட்டன், தலவாக்கலை, அப்புத்தளைப் பக்கம் ஓட்டுகிறவர்கள் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது: இது மக்கர் பண்ணினால் யார் திறப்பது? போர்க்கைத் திறக்கத் தெரிந்த ஆளைத் தேடிக் கொழும்பு வரைக்கும் போக வேண்டி வரலாம். அதனால் வீட்டு முற்றத்தில் நாமே எவ்வளவு செய்யலாம் என்பதை வைத்துத்தான் இரண்டையும் பார்க்கிறேன்.

ஆரம்ப விலை சைக்கிள்களில் வருவது கொயில் போர்க், சன்டூர் எக்ஸ்சிஎம் என்ற மொடல் மாதிரி. உள்ளே ஸ்பிரிங், புஷ் (குழாய் வழுக்கி ஓடும் வளையம்), கிறீஸ், பெரிதாக வேறொன்றும் இல்லை. காற்று இறங்காது, பம்ப் வேண்டாம். இதனாலேயே கொயிலுக்குப் பராமரிப்பே தேவையில்லை என்று ஒரு பேச்சு இருக்கிறது, அதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். வட்டவளை, மஸ்கெலியாப் பக்க மழையில் தோட்டத்து ரோட்டுச் செம்மண் சேறு வாயை மூடும் ரப்பர் சீலைத் தாண்டி உள்ளே போய், கிறீஸோடு கலந்து, புஷ்ஷையும் கீழ்க்காலுக்குள் ஏறி இறங்கும் மேல் குழாயையும் மெல்ல மெல்ல அரைக்கும். இரும்புக் குழாய் என்றால் துருவும் சேரும். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் இறுக்கமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டே ஓட்டுவீர்கள், ஒருநாள் கழற்றிப் பார்த்தால் குரோம் உரிந்து குழி விழுந்திருக்கும், அதற்குப் பிறகு புதிய போர்க்தான்.

எயார் போர்க் அப்படி மறைக்காது. அடைத்த காற்றுதான் அதற்கு ஸ்பிரிங் என்பதால் சீல் தளர்ந்தாலே இரண்டு மூன்று நாளில் முன்பக்கம் இறங்கிவிடும். வால்வில் சவர்க்காரத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்: குமிழி வந்தால் வால்வு ஊசியை இறுக்கவோ மாற்றவோ வேண்டும், வராவிட்டால் உள்ளே இருக்கும் எயார் சீல். மேல் குழாயில் தடித்த ஓயில் வளையம் நின்றால் டஸ்ட் சீல் தேய்ந்திருக்கிறது. அசையாமல் நிறுத்தும் லொக்கைப் போட்ட பிறகும் தாழ்ந்துகொண்டே போனால் கோளாறு டாம்பரில், அதாவது அசைவின் வேகத்தை அடக்கும் பாகத்தில். 'தட் தட்' என்று ஆடினால் மட்டும் இரண்டு வகைக்கும் ஒரே சோதனைதான். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டி, ஹெட்செட்டில் (போர்க் சட்டத்தோடு சேரும் பெயரிங் இடத்தில்) விரல் வையுங்கள். ஆட்டம் அங்கேயே தெரிந்தால் கோளாறு போர்க்கில் இல்லை, அதைக் கழற்றவே வேண்டாம்.

சரி, திறக்கிற வேலைக்கு வருவோம். கொயிலில் அடி போல்டுகளைத் தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் தட்டி, கீழ்க்கால்களை உருவி, பழைய கிறீஸை வழித்துத் துடைத்து, தண்ணீருக்குக் கரையாத கிறீஸைப் புஷ்ஷிலும் ஸ்பிரிங்கிலும் தாராளமாகப் பூசி மாட்டினால் முடிந்தது. ஒரு காலைப்பொழுது போதும்.

எயாரில் முதல் வேலை காற்றை முழுவதும் இறக்குவது. இதில் விளையாட வேண்டாம், அழுத்தத்தோடு கழற்றினால் பாகங்கள் பறந்து வந்து முகத்தில் அடிக்கும். அப்புறம் போல்டை மூன்று நான்கு சுற்று தளர்த்தித் தட்டுவது, உருவுவது எல்லாம் கொயில் மாதிரியேதான். கூடுதலாக சீலுக்கு அடியில் இருக்கும் பஞ்சு வளையங்களைக் கழுவி ஓயிலில் ஊற வைக்க வேண்டும், ஒவ்வொரு காலுக்கும் உரிய மில்லிலீற்றர் அளவு ஓயிலை ஊசிக் குழாயால் ஏற்ற வேண்டும். அளவு மொடலுக்கு மொடல் மாறும், கம்பனி அட்டவணையைப் பார்க்காமல் ஊற்றாதீர்கள். பழைய ரொக்‌ஷொக்ஸ் கம்பனிப் போர்க் பலவற்றின் கீழ்க்காலுக்கு 15 வெயிட் (ஓயிலின் தடிப்பு அளவு) போர்க் ஓயில்தான் சொல்லியிருந்தார்கள், மோட்டார் சைக்கிள் ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் கேட்டுப் பார்க்கலாம். துடைக்க பாமசியில் ஐசோபுரொப்பைல் அல்கஹோல் கிடைத்தால் நல்லது. பெட்ரோலும் மண்ணெண்ணெயும் சீலுக்கு ஆகாது.

ரொக்‌ஷொக்ஸ் இந்தக் கீழ்க்கால் சேர்விஸை 50 மணித்தியாலத்துக்கு ஒருமுறை செய்யச் சொல்கிறது. வாரம் நான்கு மணித்தியாலம் ஓட்டுகிறவருக்கு ஏறக்குறைய மூன்று மாதம். டாம்பரைத் திறக்கும் பெரிய சேர்விஸ் வேறு கதை, அதற்கு விசேஷக் கருவிகள் வேண்டும், அதை மட்டும் தெரிந்தவரிடம் கொடுங்கள். இடையில் ஒரு சுலபமான வேலை உண்டு. ஓட்டப் போவதற்கு முந்திய இரவு சைக்கிளைத் தலைகீழாக வைத்தால் கீழே நிற்கும் ஓயில் பஞ்சு வளையங்களை நனைத்து மறுநாள் போர்க் இதமாக அசையும். கிறீஸ் மட்டும் பூசிய கொயிலில் இதனால் ஒரு பயனும் இல்லை.

உயரம் எயார் காரருக்குத்தான் அதிகத் தலையிடி. நுவரெலியா 1868 மீற்றர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான், அதனால் கொழும்பில் பூட்டிய போர்க்கின் கீழ்க்காலில் அடைபட்ட காற்று மேலே வந்ததும் விரிந்து, முழு அசைவையும் தராமல் தடுக்கும். வயர் கட்டும் பிளாஸ்டிக் டை ஒன்றின் மழுங்கிய முனையை சீலுக்கும் குழாய்க்கும் இடையே பக்குவமாக நுழைத்தால் 'புஸ்' என்று வெளியேறிவிடும். காலைக் குளிரில் எயார் ஸ்பிரிங்கின் அழுத்தமும் இறங்கும், ஆகவே ஓட்டும் இடத்திலேயே சொக் பம்ப் (போர்க்குக்கென்றே உள்ள கைப் பம்ப்) வைத்துச் சரிபாருங்கள். 120 மில்லிமீற்றர் போர்க்கில் நீங்கள் ஏறி நின்றால் 25 முதல் 30 மில்லிமீற்றர் வரை தாழ்ந்தால் போதும்.

என் முடிவு: மூன்று மாதத்துக்கு ஒரு காலைப்பொழுது ஒதுக்கத் தயார் என்றால் எயார்தான். உடல் எடைக்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம், கோளாறையும் நேரத்தோடு சொல்லிவிடும். பள்ளிக்கூடத்துக்கும் டவுனுக்கும் போகிற பிள்ளையின் சைக்கிளுக்குக் கொயில் தாராளமாகப் போதும், ஆனால் வருடத்துக்கு ஒருமுறையாவது கழற்றிக் கிறீஸ் பூசியே ஆக வேண்டும். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் மே மாதத்துக்கு முன்பும், பதுளை, பண்டாரவளை பக்கம் ஒக்டோபருக்கு முன்பும் இந்த வேலையை முடித்துவிடுங்கள். எந்தப் போர்க்காக இருந்தாலும் சேர்விஸ் ஸ்டேஷனில் பிரஷர் தண்ணீரைச் சீலுக்கு நேராக அடிக்க விடாதீர்கள்.