வேண்டாத மெயிலை நிறுத்த எந்த வழி பாதுகாப்பானது?

"வேண்டாம்னு சொல்றதுக்கு எதுக்கும்மா பாஸ்வேர்டு?" என்று அப்பா போனில் கேட்டார். தெரியாத ஏதோ ஒரு கடையின் தள்ளுபடி மெயில். அதன் அடியில் இருந்த 'அன்சப்ஸ்கிரைப்' லிங்கை அழுத்தியிருக்கிறார். திறந்த பக்கம் அவருடைய மெயில் பாஸ்வேர்டைக் கேட்டிருக்கிறது. நல்லவேளை, கொடுக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்கார்ந்து இன்பாக்ஸை ஒழுங்குபடுத்தினேன்.

அடியில் இருக்கும் லிங்கை எழுதுவது மெயில் அனுப்புகிறவர். அது நம்மை எங்கே கொண்டுபோய் விடும் என்பது முழுக்க அவர் கையில் இருக்கிறது. நாம் பொருள் வாங்கிய நேர்மையான கடை என்றால் பயமில்லை. அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டு கேன்-ஸ்பேம் சட்டப்படி, விலக நினைப்பவரிடம் மெயில் முகவரிக்கு மேல் சொந்த விவரம் எதையும் கேட்கக் கூடாது, 10 வேலை நாட்களுக்குள் நிறுத்திவிட வேண்டும். பெரிய நிறுவனங்கள் பலவும் இதை ஒட்டியே நடக்கின்றன. மோசடிக்காரருக்குச் சட்டம் ஏது? நாம் அழுத்தியதும், இந்த முகவரியில் மெயிலைத் திறந்து படிக்கும் ஆள் இருக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். பாஸ்வேர்டோ ஓடிபியோ கேட்டால் யோசிக்காமல் பக்கத்தை மூடிவிடுங்கள்.

அதே 'அன்சப்ஸ்கிரைப்' என்ற வார்த்தை மெயிலின் மேலேயும், அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. இதைக் காட்டுவது ஜிமெயில், யாஹூ போன்ற மெயில் சேவைகளே. மெயிலின் கண்ணுக்குத் தெரியாத தலைப்புப் பகுதியில் விலகும் வழியைக் குறிப்பிடும் முறை 1998இலேயே வந்துவிட்டது. 2017இல் ஒரே அழுத்தத்தில் விலகும் முறை சேர்ந்தது. இதில் எந்தப் பக்கமும் திறக்காது, மெயில் சேவையே நம் சார்பில் 'இவருக்கு அனுப்பாதே' என்று சொல்லிவிடும். ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களின் விளம்பர மெயில்களில் இந்த வசதி இருக்க வேண்டும், கோரிக்கையை இரண்டு நாளுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்று 2024இல் கூகுள் கட்டாயமாக்கியது. யாஹூவும் கூடவே சேர்ந்துகொண்டது. என் ஓட்டு இதற்குத்தான். ஒரு எச்சரிக்கை: சில மெயில்களில் மேலே அழுத்தினாலும் அனுப்பியவரின் தளத்துக்குத்தான் போகச் சொல்லும். அப்போது அதுவும் அடியில் இருக்கும் லிங்க் மாதிரிதான்.

ஆளே தெரியாத மெயிலுக்கு ஸ்பேம் பட்டன். எந்த லிங்கையும் தொட வேண்டியதில்லை, ஜிமெயில் 30 நாளில் தானே அழித்துவிடும். ஆனால் நாமே கேட்டு வாங்கிய சிறு பத்திரிகையின் மெயிலை அலுத்துப்போய் ஸ்பேமில் தள்ளுவது நியாயமில்லை. ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது கூகுள். ஆயிரம் பேரில் மூன்று பேர் அழுத்தினாலே அவர்களுக்குச் சிக்கல். வங்கி விளம்பரத்தையும் ஸ்பேம் ஆக்காதீர்கள். பின்னால் வரும் ஸ்டேட்மென்ட்டும் அங்கேயே போய் விழக்கூடும். விளம்பரத்தை மட்டும் தானாக ஒதுக்கிவிடும் ஃபில்டர் போடலாம். பிளாக் செய்வது தொல்லை தரும் தனிமனிதருக்குச் சரி. நாளுக்கொரு முகவரியில் வரும் விளம்பரத்திடம் அது பலிக்காது.

'எல்லாவற்றையும் நாங்களே சுத்தம் செய்கிறோம்' என்று வரும் இலவச ஆப்கள் பக்கம் போகவே வேண்டாம். அவற்றுக்கு நம் இன்பாக்ஸையே திறந்துவிட வேண்டும். அன்ரோல்.மீ என்ற சேவையின் தாய் நிறுவனம், பயனர்களுக்கு 'லிஃப்ட்' (Lyft) என்ற டாக்சி நிறுவனத்திடமிருந்து வந்த ரசீதுகளின் விவரத்தைப் பெயர் நீக்கி ஊபருக்கு விற்றது 2017இல் அம்பலமானது. தனிப்பட்ட மெயில்களைத் தொடமாட்டோம் என்று சிலரிடம் சொல்லிவிட்டு ரசீதுகளை எடுத்துக்கொண்டதாக அமெரிக்க வணிக ஆணையம் 2019இல் நடவடிக்கை எடுத்தது. முன்பு இப்படி ஏதாவது ஆப்புக்கு அனுமதி கொடுத்திருந்தால், கூகுள் கணக்கின் அமைப்புகளுக்குப் போய் அதை நீக்கிவிடுங்கள். நாம் பதிந்து மெயில் பெறும் சேவைகளின் பட்டியல் ஒரே இடத்தில் வேண்டுமென்றால், 2025 ஜூலையிலிருந்து ஜிமெயிலிலேயே அந்த வசதி வந்திருக்கிறது.

"1909ல பதிஞ்சா நிக்காதா?" என்று அப்பா கேட்டார். அது விளம்பர அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும்தான், மெயிலுக்கு இல்லை. புதிதாகப் பதிவு செய்யும் கடைகளுக்கு அவர் முகவரியில் பெயருக்குப் பின் ஒரு கூட்டல் குறியும் கடைப் பெயரும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னேன். எந்தக் கடையிடமிருந்து முகவரி வெளியே போனது என்று பெரும்பாலும் பிடிபடும். கூட்டல் குறியை ஏற்காத தளங்களும் உண்டு. ஆப்பிள் போன் வைத்திருப்பவர்கள் மாதக் கட்டணம் கட்டினால், நிஜ முகவரியை மறைத்து வேறு முகவரி கொடுக்கும் வசதியும் கிடைக்கிறது.

அன்று பழக்கமான கடைகள் எல்லாவற்றையும் மேல் பட்டனால் நிறுத்தினோம். பாஸ்வேர்டு கேட்ட மெயிலை மட்டும் வெறும் ஸ்பேமாக விடாமல், மூன்று புள்ளி மெனுவில் இருக்கும் 'ஃபிஷிங்' (ஏமாற்றிப் பாஸ்வேர்டு பறிக்கும் மோசடி) புகாரை அப்பாவையே அழுத்தச் சொன்னேன்.