கோவிட் பாசிட்டிவ் வந்ததும் டெங்கு டெஸ்ட் எடுக்க மறுத்தார்கள்: என் தம்பிக்கு நடந்தது

என் தம்பிக்கு கொரோனாவும் டெங்குவும் ஒரே நேரத்தில் வந்தன. அப்படி வந்ததற்கு யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் டெங்குவுக்கான அடையாளம் ரத்தப் பரிசோதனைத் தாளில் கண்ணெதிரே இருந்தும், அதைப் பார்க்காமல் "நல்லாயிட்டார், கூட்டிட்டுப் போங்க" என்று ஒரு தனியார் மருத்துவமனை அனுப்பி வைத்ததே, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் நாள் கடுமையான காய்ச்சல், உடம்பு முறித்துப் போட்டது போல வலி, கண்ணுக்குப் பின்னால் குத்துகிறது என்று சொன்னான். இருமல் லேசாகத்தான். மறுநாள் ஆர்டி-பிசிஆர் பாசிட்டிவ். அவ்வளவுதான், அந்த நிமிடத்திலிருந்து அவன் கோவிட் நோயாளி, வேறு எதுவுமே அவனுக்கு இருக்க முடியாது என்று முடிவு செய்துவிட்டார்கள். சுற்றிலும் டெங்கு பரவிக்கொண்டிருந்த நேரம், கண்வலி வேறு இருக்கிறதே, டெங்குவுக்கும் பார்த்துவிடுங்களேன் என்று நான் கேட்டேன். "அதான் காரணம் தெரிஞ்சாச்சே மேடம், இன்னொரு டெஸ்ட் எதுக்கு?" என்றார் பணியில் இருந்த டாக்டர். ஒரு வைரஸ் உள்ளே இருந்தால் இன்னொன்று வராது என்று எந்த விதியும் இல்லை. ஒன்று மூச்சுக்காற்றில் வருகிறது, மற்றது பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசுவால் வருகிறது. காய்ச்சல், தலைவலி, உடல்வலி, சோர்வு எல்லாம் இரண்டுக்கும் பொது என்பதால், ஒன்று உறுதியானதும் மற்றது அதற்குப் பின்னால் சுலபமாக மறைந்துகொள்கிறது.

அப்புறம் கொடுத்த மருந்துகள். வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போட்டார்கள். ரத்தம் உறையாமல் இருக்க தினமும் வயிற்றில் ஹெப்பாரின் ஊசி. ஆக்சிஜன் அளவு 97 இருந்த ஆளுக்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. கோவிட்டில் ரத்தக்கட்டி வரும் என்பதற்காக ஹெப்பாரின் போடுவது உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் டெங்குவில் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) சரிந்து ரத்தக்கசிவு வரக்கூடிய உடம்பில், எதையும் சோதிக்காமல் டைக்ளோஃபெனாக்கையும் ஹெப்பாரினையும் சேர்த்து ஏற்றினால் என்ன ஆகும்? டெங்கு சந்தேகம் இருந்தாலே காய்ச்சலுக்கும் வலிக்கும் பாரசிட்டமால் மட்டும்தான், ஆஸ்பிரின், இபுப்ரூஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் கூடாது என்பது அடிப்படைப் பாடம். டெக்சாமெத்தசோன் விஷயமும் அப்படித்தான். 2020-ல் பிரிட்டனில் நடந்த ரெகவரி ஆய்விலேயே, ஆக்சிஜன் தேவைப்படாத நோயாளிகளுக்கு அதனால் பலன் தெரியவில்லை என்று வந்துவிட்டது.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. "அக்கா, காய்ச்சல் போயிடுச்சு, ஆனா எழுந்து உட்கார முடியல" என்று ஃபோனில் சொன்னான். வார்டுக்குள் எங்களை விடவில்லை, அதனால் அந்தக் குரலை மட்டும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய முடியும். காய்ச்சல் விட்டதைக் காட்டி அடுத்த நாள் காலையில் டிஸ்சார்ஜ் செய்தார்கள். டெங்குவில் ஆபத்தான கட்டமே காய்ச்சல் விடும்போதுதான் தொடங்குகிறது. பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிய ஆரம்பிக்கும், ஒன்றிரண்டு நாள் அப்படி நீடிக்கும்.

அன்று மாலையே நிற்காத வாந்தி, வயிற்றுவலி, ஈறில் ரத்தம். வேறொரு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே இருந்த டாக்டரம்மா முதலில் கேட்டது பழைய ரத்த ரிப்போர்ட்டுகளை. டிஸ்சார்ஜ் ஃபைலைப் பிரித்தால், இரண்டாம் நாள் தட்டணுக்கள் 1,60,000, ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம்) 41. ஐந்தாம் நாள் தட்டணுக்கள் 68,000, ஹீமட்டோகிரிட் 50. தட்டணுக்கள் இறங்க இறங்க ஹீமட்டோகிரிட் ஏறுகிறது என்றால் ரத்தத்திலிருந்து நீர் வெளியே போய் ரத்தம் கெட்டியாகிறது என்று அர்த்தம். அந்தத் தாள் காலை முழுக்க என் கைப்பையில் இருந்தது. அதைப் படிக்க எனக்குத் தெரியாது, படிக்கத் தெரிந்தவர்கள் படிக்கவில்லை. இதை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

டெங்கு பரிசோதனைகளான என்எஸ்1 (வைரஸின் புரதம்), ஐஜிஎம் (உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள்) இரண்டுமே பாசிட்டிவ். இரண்டையும் ஏன் எடுத்தேன் என்று அந்த டாக்டர் பொறுமையாக விளக்கினார். என்எஸ்1 முதல் சில நாட்களில்தான் நன்றாகத் தெரியும், ஐஜிஎம் நான்கைந்து நாள் கழித்துத்தான் ஏறும், ஐஜிஎம் கிட் மட்டும் வைத்து முடிவெடுத்தால் ஏமாறலாம். 2020-ல் சிங்கப்பூரில் இரண்டு பேருக்கு டெங்கு துரிதப் பரிசோதனை தவறாக பாசிட்டிவ் காட்டி, உண்மையில் அவர்களுக்கு இருந்தது கோவிட் என்று பின்னால்தான் தெரிந்ததாம். ஆக, குழப்பம் இரண்டு பக்கமும் உண்டு.

ஹெப்பாரினை உடனே நிறுத்தினார்கள். திரவம் ஏற்றுவதுதான் கத்தி மேல் நடப்பது போல இருந்தது. டெங்குவுக்கு நீர் வேண்டும், குறைந்தால் ரத்த அழுத்தம் விழும். கோவிட் நுரையீரலுக்கு அதிக நீர் ஆகாது, மூச்சு முட்டும். அதனால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஹீமட்டோகிரிட் பார்த்து, சிறுநீர் அளவு பார்த்து, சொட்டு வேகத்தைக் கூட்டிக் குறைத்தபடி இரண்டு இரவு பக்கத்திலேயே இருந்தார்கள். தட்டணுக்கள் 22,000 வரை போனது. ரத்தம் ஏற்றச் சொல்லி நான்தான் அழுதேன். அந்த எண்ணை மட்டும் பார்த்து பயப்படாதீங்க, கசிவு நிற்குதா, அழுத்தம் நிற்குதா, அதைப் பாருங்க என்றார் டாக்டரம்மா. மூன்றாம் நாள் எண் தானாக ஏறியது.

உங்கள் வீட்டில் யாருக்காவது கோவிட் பாசிட்டிவ் வந்து, டெங்கு நடமாடும் காலமாகவும் இருந்தால், டெங்குவுக்கும் பாருங்கள் என்று வற்புறுத்துங்கள். சங்கடமாக இருந்தாலும் கேளுங்கள். தினமும் ரத்த ரிப்போர்ட்டின் நகலை வாங்கி, முந்தைய நாளோடு வைத்து தட்டணுக்கள், ஹீமட்டோகிரிட் என்ற அந்த இரண்டு எண்களைப் பாருங்கள். காய்ச்சல் விட்ட பிறகு வயிற்றுவலி, விடாத வாந்தி, ரத்தக்கசிவு, கை கால் சில்லிடுவது, வழக்கமில்லாத அசதி எது வந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

முதல் மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் தாளில் இன்றும் கோவிட் மட்டும்தான் இருக்கிறது, டெங்கு என்ற சொல்லே இல்லை. டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு, இரண்டாவது முறை வேறு வகை வந்தால் தீவிரமாகும் வாய்ப்பு அதிகம், அதனால் முதல் முறை வந்தது அவன் பதிவில் இருந்தாக வேண்டும். புதிய ரிப்போர்ட்டுகளை இணைத்து, திருத்தித் தரும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.