செம்பும் தங்கமும் பிரிக்க: உலையா, நுண்ணுயிரா?

தாதுவிலிருந்து உலோகத்தைப் பிரிக்க உருக்காலை நல்லதா, நுண்ணுயிர் நல்லதா என்ற கேள்விக்குச் சுற்றுச்சூழலை மட்டும் வைத்து விடை சொல்வது வழக்கமாகிவிட்டது. தாதுவில் இருப்பது எந்தக் கனிமம், அதில் உலோகம் எவ்வளவு என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

உருக்காலைக்குப் போகும் செம்புத் தாதுவை மாவாக அரைத்து, செம்புக் கனிமத் துகள்களைக் காற்றுக் குமிழிகளில் ஒட்டி மிதக்கவைக்கும் நுரை மிதப்பு முறையில் செம்பின் பங்கை 25 முதல் 30 சதவீதம் வரை உயர்த்துகிறார்கள். ஏறத்தாழ 1,200 டிகிரி செல்சியஸில் இரும்பு கசடாகவும், கந்தகம் சல்ஃபர் டை ஆக்சைடாகவும் பிரிகின்றன. வேலை விரைவாக முடிகிறது. உலைக்குள் போன செம்பில் மிகச் சிறிதே வீணாகிறது. ஆனால் செம்பு மிகக் குறைந்த பாறையை அப்படி அரைத்தால், அரைப்புச் செலவுக்கே அது கட்டுப்படியாகாது.

அந்தப் பாறைக்குத்தான் நுண்ணுயிர் பொருந்துகிறது. 1947இல் அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களின் அமில நீரில் இனங்காணப்பட்ட அசிடிதயோபாசில்லஸ் ஃபெரோஆக்சிடன்ஸ் என்ற பாக்டீரியா செம்பைத் தின்பதில்லை. கரைசலில் உள்ள ஃபெரஸ் இரும்பிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறித்து அதை ஃபெரிக் இரும்பாக்கி, அதில் கிடைக்கும் ஆற்றலில் வாழ்கிறது. அந்த ஃபெரிக் அயனியே, உலோகமும் கந்தகமும் சேர்ந்த சல்ஃபைடு கனிமத்தைக் கரைக்கிறது. கடும் அமிலத்தில் காற்று மட்டும் மிக மெதுவாகச் செய்யும் இந்த மாற்றத்தை, பாக்டீரியா பல லட்சம் மடங்கு விரைவாக்குகிறது.

நொறுக்கிய தாதுவை அமிலத்தில் நனைத்து, கசியாத விரிப்பின்மேல் சில மீட்டர் உயரத்துக்குக் குவிக்கிறார்கள். மேலே சொட்டுக் குழாய்கள் அமிலத்தை விடுகின்றன. அடியில் குழாய்கள் காற்றை ஊதுகின்றன. அடிவாரத்தில் நீலப்பச்சையாக ஒழுகும் நீரிலிருந்து, செம்பை மட்டும் கவரும் கரைப்பானால் பிரித்து மின்னாற்பகுப்புச் செய்த பிறகு தூய செம்புத் தகடு கிடைக்கிறது.

செம்பும் கந்தகமும் மட்டும் சேர்ந்த சால்கோசைட் என்ற கனிமம் இம்முறைக்கு நன்றாக இசைந்து கொடுக்கும். அதற்கும் பல மாதங்கள் பிடிக்கும். உலகின் செம்பில் பெரும்பகுதியைத் தாங்கியிருக்கும், இரும்பும் கலந்த சால்கோபைரைட் கனிமமோ, கரையத் தொடங்கியதும் தன் மேற்பரப்பில் ஒரு படலத்தை உண்டாக்கிக்கொண்டு பிடிவாதமாக நின்றுவிடுகிறது. வெப்பம் விரும்பும் நுண்ணுயிர்களைக் கொண்டு 70 டிகிரியில் அதைக் கரைக்கலாம் என்றாலும், பெரிய அளவில் உருக்காலையை விஞ்ச அது போதவில்லை. சால்கோபைரைட்டுக்கு உருக்காலைதான் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

தங்கத்தின் நிலை வேறு. இரும்பு சல்ஃபைடான பைரைட்டுக்கும், ஆர்சனிக்கும் கலந்த ஆர்சனோபைரைட்டுக்கும் உள்ளே சிறைப்பட்ட தங்கத்தை, வழக்கமாகத் தங்கத்தைக் கரைக்கும் சயனைடு எட்ட முடியாது. அவற்றை உலையில் வறுத்தால் நச்சான ஆர்சனிக் ஆக்சைடு புகையாகக் கிளம்பும். உயரழுத்தக் கலத்தில் 200 டிகிரிக்கு அருகே ஆக்சிஜனேற்றம் செய்தால் ஓரிரு மணி நேரத்தில் முடியும். கலத்துக்கும் ஆக்சிஜன் ஆலைக்கும் ஆகும் முதலீடு மிகப் பெரியது. தென்னாப்பிரிக்காவின் ஃபேர்வியூ சுரங்கம் 1986இல் தொடங்கிய தொட்டி முறையில், ஏறத்தாழ 40 டிகிரியில் சில நாட்களிலேயே பாக்டீரியா அந்தச் சிறையை உடைக்கிறது. ஆர்சனிக்கை நிலையான இரும்பு ஆர்சனேட்டாக வீழ்படிவாக்கிவிடலாம். தங்கத்தைக் கரைக்கப் பிறகும் சயனைடு வேண்டும் என்றாலும், நடுத்தர அளவுச் சுரங்கத்துக்கு நான் இதையே தேர்வேன்.

புகையில்லை என்பதால் குவியலைத் தூய்மையானது என்று சொல்லிவிடவும் கூடாது. உருக்காலை தன் வாயுவைப் பிடித்துக் கந்தக அமிலமாக்க முடியும். குவியலோ, சுரங்கம் மூடிய பிறகும் காற்றும் நீரும் சல்ஃபைடும் இருக்கும்வரை அமிலத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும்.