படகு டிரெய்லருக்கு எந்த பிரேக்: ஓவர்ரைடா, எலக்ட்ரிக்கா?

ஆஸ்திரேலியாவில் இதைப் பாதி சட்டமே முடிவு செய்துவிடுகிறது. காரில் கோத்த பிறகு டிரெய்லரின் சக்கரங்கள் தாங்கும் எடை, அதாவது ஜி.டி.எம்., 750 கிலோவுக்குள் என்றால் பிரேக்கே வேண்டாம். 2000 கிலோ வரை ஓர் அச்சில் பிரேக் போதும்; டிரெய்லரின் தள்ளலிலேயே இயங்கும் ஓவர்ரைடும் செல்லும். அதற்கு மேல் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக், அதை ஓட்டுநர் இருக்கையிலிருந்தே இயக்கும் வசதி, டிரெய்லர் கழன்றால் தானாகப் பிடிக்கும் பிரேக்அவே எல்லாம் கட்டாயம். எடை பார்க்கும்போது படகின் டேங்கை மறக்க வேண்டாம்: 100 லிட்டர் பெட்ரோலே ஏறத்தாழ 75 கிலோ.

ஆக, போட்டி 750-க்கும் 2000-க்கும் நடுவில்தான்.

ஓவர்ரைடில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. கார் வேகம் குறைந்ததும் டிரெய்லர் பின்னாலிருந்து நெருக்கும். அதில் காரோடு கோக்கும் கப்ளிங் உள்ளே அமுங்கி, கேபிள் அல்லது ஹைட்ராலிக் வழியாக பிரேக்கைப் பிடிக்கும். காரில் தனி வயரிங் வேண்டாம்; நண்பரின் காரிலும் மாட்டிக்கொள்ளலாம். தொல்லை ரிவர்ஸில்தான். மேட்டில் பின்னால் தள்ளினால் பிரேக் பிடித்து நின்றுவிடும். இறங்கிப் போய் கப்ளிங்கில் தடுப்பைப் போட வேண்டும். நீண்ட இறக்கத்தில் டிரெய்லர் விடாமல் நெருக்குவதால் பிரேக் சூடேறும்.

சாலையில் மட்டும் பார்த்தால், காரிலிருந்து வரும் மின்சாரத்தில் இயங்கும் எலக்ட்ரிக்தான் கெட்டி. டிரெய்லர் இடமும் வலமும் ஆடத் தொடங்கினால், ஓட்டுநர் பக்கத்தில் இருக்கும் கன்ட்ரோலரைக் கையால் அழுத்தி டிரெய்லரின் பிரேக்கை மட்டும் பிடித்து நேராக்கலாம். ஓவர்ரைடில் அதற்கு வழியே கிடையாது. ஆனால் படகு டிரெய்லர், படகை இறக்கும் சரிவான ராம்பில் உப்புத் தண்ணீருக்குள் இறங்கியாக வேண்டுமே! பிரேக்கை இயக்கும் காந்தமும் வயரும் சக்கரத்தின் டிரம்முக்குள் இருக்கின்றன. உள்ளே புகுந்த உப்பை வெளியே நின்று ஹோஸ் பிடித்துக் கழுவ முடியாது. கேரவனுக்குச் சரி, கடலுக்குப் போகும் படகுக்கு வேண்டாம் என்பேன்.

என் தேர்வு, 2000 கிலோவுக்குள் ஹைட்ராலிக் டிஸ்க் வைத்த ஓவர்ரைடு. டிஸ்க் வெளியே தெரிவதால் நல்ல தண்ணீரில் கழுவ எளிது. 2000 கிலோவைத் தாண்டினால் எலக்ட்ரிக்-ஓவர்-ஹைட்ராலிக். இதில் மின்கருவி டிரெய்லரின் முன்பக்கம், தண்ணீர் எட்டாத உயரத்தில் இருக்கும். சக்கரத்தில் டிஸ்க் மட்டும். விலை உறுத்தும்தான்.

எதை மாட்டினாலும், மொத்த எடையில் சுமார் 10 சதவீதம் டோபாலில் (காரின் பின்னால் டிரெய்லரைக் கோக்கும் குண்டில்) இறங்கும்படி படகை நகர்த்தி வையுங்கள். பின்பாரம் கூடினால் ஆட்டம் அங்கேதான் தொடங்கும். அப்புறம், ராம்புக்கு வந்த கையோடு தண்ணீரில் இறக்காதீர்கள். சூடான ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) சட்டென்று குளிர்ந்தால் உப்புநீரை உள்ளே இழுக்கும், பேரிங் போய்விடும்.